இறுகுவதற்குள் பரவ வேண்டும்: க்ரெப்பின் அறிவியல்

தோசைபோல மெலிதாக வார்க்கும் பிரெஞ்சுப் பண்டமான க்ரெப்பின் மாவில் ஈஸ்ட் கிடையாது, பேக்கிங் பவுடர் கிடையாது, புளிக்க வைக்கும் வேலையும் இல்லை. மைதா, பால், முட்டை, கொஞ்சம் உருக்கிய வெண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு, அவ்வளவுதான். உப்பி எழ வேண்டிய பண்டம் அல்ல இது. எவ்வளவு மெலிதாகப் படர்கிறதோ அவ்வளவு நல்லது. ஆனால் சூடான வாணலியைத் தொட்டதுமே மாவு இறுக ஆரம்பித்துவிடும். அதற்குள் பரவியாக வேண்டும். க்ரெப்புக்குச் சொல்லப்படும் பக்குவங்களில் பெரும்பாலானவை இந்தச் சில நொடிகளுக்காகத்தான்.

250 கிராம் மைதாவுக்கு அரை லிட்டர் பால், 3 முட்டை என்பது வழக்கமான கணக்கு. பாலை ஒரேயடியாக ஊற்றினால் கட்டி தட்டும். ஒவ்வொரு கட்டியின் வெளிப்புறமும் ஈரம் பட்டுப் பசையாகி, உள்ளே இருக்கும் உலர்ந்த மாவுக்கு நீர் போகும் வழியை அடைத்துவிடும். முட்டையையும் பாதிப் பாலையும் மட்டும் முதலில் சேர்த்து அடித்தால், அந்தக் கெட்டி மாவின் இழுவிசையே கட்டிகளை உடைத்துவிடும். மீதிப் பாலை அப்புறம் விட்டு நீர்க்கச் செய்யலாம்.

அடித்த மாவை ஒரு மணி நேரமாவது ஊறவிடுவார்கள். கோதுமையில் குளூட்டெனின், கிளையடின் என்று இரண்டு புரதங்கள் உண்டு. நீர் பட்டு அடிபடும்போது அவை பின்னிக்கொண்டு குளூட்டன் வலையாகின்றன. வலை விறைப்பாக இருந்தால் க்ரெப் ரப்பர்போல ஆகும். ஊறும்போது அந்த விறைப்பு தளர்கிறது. அடிக்கையில் புகுந்த காற்றுக் குமிழிகளும் வெளியேறுகின்றன. மாவுத் துகள்கள் நீரை உறிஞ்சுவதால் மாவு முன்பைவிடக் கொஞ்சம் கெட்டியாகத் தெரியும். அப்படியானால் சிறிது பால் விட்டுக்கொள்ளலாம்.

இப்போது அடுப்பு. மாவின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது மாவுச்சத்து நீரைக் குடித்து வீங்குகிறது, முட்டைப் புரதங்கள் உறைகின்றன. அத்துடன் ஓட்டம் நின்றுவிடும். பிரான்சின் பிரிட்டனிப் பகுதியில் பிலிக் என்ற தட்டையான வார்ப்பிரும்புக் கல்லில் மாவை ஊற்றி, ரோசெல் என்ற மரக்கட்டையால் சுழற்றித் தேய்ப்பார்கள். வீட்டு வாணலியில் அந்தக் கட்டைக்கு இடமில்லை. புவியீர்ப்பும் மணிக்கட்டும்தான் கருவிகள். வாணலியை எப்படி அசைத்தால் மாவு சமமாகப் படியும் என்பதை எடுவார் புஜோ, மத்தியூ செலியே என்ற இரு ஆய்வாளர்கள் கணினியில் கணக்கிட்டு, 2019இல் ஒரு இயற்பியல் இதழில் வெளியிட்டார்கள். சூட்டில் மாவு கெட்டியாவதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். அவர்களுக்குக் கிடைத்த விடை: மாவை ஊற்றியதும் வாணலியை நன்றாகச் சாய்த்து, அந்தச் சாய்விலேயே சுற்றிவர வேண்டும்; ஓட்டைகள் அடைபட அடைபடச் சாய்வைக் குறைக்க வேண்டும். சும்மா ஆட்டினால் மாவு சமமாகப் படியாது.

நிறம் வருவது அடுத்த கட்டம். ஈரம் இருக்கும்வரை மாவின் வெப்பம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும்; நீர் ஆவியான இடத்தில்தான் மேலே ஏறும். சுமார் 140 டிகிரியில் பாலின் சர்க்கரையும் புரதங்களும் வேகமாக வினைபுரிந்து பழுப்பு நிறமும் மணமும் தருகின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மயார் 1912இல் விவரித்த வினை இது. மெலிந்த ஓரம் முதலில் காய்வதால் அதுதான் முதலில் சிவந்து மேலெழும்பும். திருப்ப வேண்டிய நேரம் அது. பிப்ரவரி 2ஆம் தேதி ஷாந்தலர் பண்டிகையன்று பிரெஞ்சுக்காரர்கள் ஒரு கையில் காசை வைத்துக்கொண்டு க்ரெப்பை அந்தரத்தில் எறிந்து புரட்டுவார்கள். அதிர்ஷ்டம் வருமாம். வேதியியலுக்குத் தோசைத் திருப்பியே போதும்.

முதல் பக்கம் நீர்ம நிலையில் கல்லோடு முழுவதும் ஒட்டி வெந்ததால் பரவலாக நிறம் பிடிக்கிறது. திருப்பும்போது இரண்டாம் பக்கம் ஏற்கெனவே இறுகி மேடுபள்ளமாகிவிட்டது. மேடுகள் மட்டும் சூட்டைத் தொடுவதால் புள்ளிபுள்ளியாகத்தான் சிவக்கும். நிரப்பும் பொருளை அந்தப் பக்கத்தில் வைத்து, அழகான முதல் பக்கம் வெளியே தெரியும்படி மடிக்கலாம்.