83 சதவீதம் வெற்றி: யார் யாரை எண்ணினார்கள்?

முதுநிலை மருத்துவ மாணவர்கள் ஆய்வேட்டுக்குப் புள்ளிவிவரம் பார்த்துத் தரச் சொல்லி என்னிடம் வரும்போது, பெரும்பாலும் இரண்டு சதவீதங்களோடு வருகிறார்கள். ஒரு சிகிச்சைக்கு 70, இன்னொன்றுக்கு 80. "வித்தியாசம் தேறுமா, சார்?" அதைச் சொல்லக் கணினிக்கு ஒரு நொடி போதும். எந்த நோயாளிக்கு எந்தச் சிகிச்சை என்பதை எதை வைத்து முடிவு செய்தீர்கள் என்று கேட்டால்தான் பலரும் கேஸ் ஷீட்டைப் புரட்டத் தொடங்குகிறார்கள்.

அவர்களுக்கு நான் காட்டுவது 1986-இல் பிரிட்டனில் வெளியான சிறுநீரகக் கல் ஆய்வை. திறந்த அறுவைச் சிகிச்சை பெற்ற 350 பேரில் 273 பேருக்கு வெற்றி, அதாவது 78 சதவீதம். சிறு துளையிட்டுக் கல்லை எடுத்த 350 பேரில் 289 பேருக்கு வெற்றி, 83 சதவீதம். துளை முறைதான் மேல் என்று சொல்லத் தோன்றும்.

கல்லின் அளவைக் கொண்டு பிரித்துப் பாருங்கள். 2 செ.மீ.க்குக் குறைந்த கற்களில் திறந்த அறுவை 87 பேரில் 81 பேருக்கு வெற்றி, அதாவது 87-க்கு 81. துளை முறை 270-க்கு 234. பெரிய கற்களில் திறந்த அறுவை 263-க்கு 192. துளை முறை 80-க்கு 55. சதவீதமாக்கினால் சின்னக் கற்களில் திறந்த அறுவை 93, துளை முறை 87; பெரிய கற்களில் 73, 69. இரண்டிலும் திறந்த அறுவை முந்துகிறது. சேர்த்துக் கூட்டினால் பின்தங்கிவிடுகிறது! கூட்டலில் பிழை இல்லை. எளிதில் எடுக்கக்கூடிய சின்னக் கல்காரர்கள் பெரும்பாலும் துளை முறைக்குப் போயிருந்தார்கள், அவ்வளவுதான். (இதைப் படித்துவிட்டு யாரும் திறந்த அறுவை கேட்டு அடம்பிடிக்க வேண்டாம், இன்றைய கருவிகள் வேறு.)

கல்லின் அளவு தெரிந்ததால் பிரித்துப் பார்க்க முடிந்தது. வறுமை, வீட்டு நிலைமை, மருந்தை ஒழுங்காக விழுங்கும் பழக்கம் இவையெல்லாம் கேஸ் ஷீட்டில் ஏறுவதில்லை. அதற்குத்தான் சமவாய்ப்பு ஒதுக்கீடு: யாருக்கு எது என்பதை மருத்துவரும் நோயாளியும் தேர்ந்தெடுக்காமல் குலுக்கலிடம் விட்டுவிடுவது. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு இதற்கு உலகறிந்த உதாரணம். நகரத்து ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினர் சானடோரியத்துக்கும் (காசநோயாளிகளைத் தங்கவைத்துப் பார்க்கும் மருத்துவமனை) மற்றவர்கள் நெரிசலான தங்கள் வீட்டுக்கும் குலுக்கல் முறையில் ஒதுக்கப்பட்டார்கள். இரு தரப்புக்கும் ஓராண்டு அதே மருந்துகள். சானடோரியத்தில் நல்ல உணவும் ஓய்வும் கிடைத்தன. ஆனாலும் வீட்டில் இருந்தவர்கள் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். மருத்துவர்களின் விருப்பப்படி அனுப்பியிருந்தால், இளைத்தவர்களையெல்லாம் சானடோரியத்தில் சேர்த்திருப்பார்கள். வீட்டில் இருந்தவர்கள் முதலிலேயே திடமானவர்கள் என்று சொல்லி அந்த முடிவை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

குலுக்கல் போட்டும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு: பாதியில் வராமல் போனவர்கள். 100 பேரில் 40 பேர் மறுபரிசோதனைக்கு வரவில்லை, வந்த 60 பேரில் 54 பேர் நலம் என்று வையுங்கள். ஆய்வேட்டில் அது 90 சதவீதமாகிவிடும். அந்த 40 பேர் குணமாகி வேலைக்குப் போனார்களா, பஸ் செலவுக்கு வழியில்லாமல் நின்றுவிட்டார்களா, இறந்துவிட்டார்களா? வீடு தேடிப் போய் விசாரிக்காமல் தெரியாது. அப்படிப் போவதற்குத்தான் பல ஆய்வுகளில் ஆள் ஒதுக்குவதே இல்லை.

மருத்துவமனை விளம்பரத்துக்கும் இதே கேள்விகள் பொருந்தும். நிலைமை முற்றியவர்களை வேறிடத்துக்கு அனுப்பிவிடும் மருத்துவமனையில் இறப்பு குறைவாகத்தான் இருக்கும். அவர்களைச் சேர்த்துக்கொள்ளும் அரசுப் பெரிய மருத்துவமனையின் பதிவேட்டில் அந்த இறப்புகளும் ஏறும்.