நியூரோபதி: எந்த நரம்பு, என்ன வலி?

கிரேக்கத்தின் ‘நியூரான்’, ‘பாத்தோஸ்’ சேர்ந்தது நியூரோபதி, அதாவது நரம்பு நோய். பாத்தோஸ் என்றால் துன்பம், நோய். நியூரானுக்குப் பழைய பொருள் தசைநாண், வில்நாண். நம் ‘நரம்பு’ம் யாழில் கட்டிய தந்திதான், பேரியாழுக்கு 21 நரம்பு. (நேச்சுரோபதி வேறு. காதில் மாறி விழுந்து இயற்கை வைத்தியம் என்று நினைப்பவர்கள் உண்டு.)

சிக்கல் நம் சொல்லில்தான். டிரிப் போட ரத்தநாளம் சிக்காவிட்டாலும் ‘நரம்பு கிடைக்கல’ என்கிறோம். அதனால் கீமோ (புற்றுநோய்க்கான மருந்து) எடுப்பவர் ‘நரம்பு வலி’ என்றால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். ஊசி ஏறிய ஒரு கையில் மட்டும், கோடு போலச் சிவந்து கயிறாக இறுகினால் அது ரத்தநாள அழற்சி. இரு கால் விரல்நுனிகளில் தொடங்கி, சாக்ஸ் அளவுக்கு மதமதப்பும் எரிச்சலும் மேலேறி, பிறகு கைவிரலுக்கும் வந்து சட்டைப் பொத்தான் பிடிபடாமல், செருப்பு கழன்றதே தெரியாமல் போனால் அதுதான் நியூரோபதி. பாக்லிடாக்செல், ஆக்சாலிப்ளாட்டின், வின்கிறிஸ்டின், போர்டிசோமிப் ஆகிய புற்றுநோய் மருந்துகள் வழக்கமான காரணிகள். ஆக்சாலிப்ளாட்டினில் மருந்தை நிறுத்திய பிறகும் சில மாதம் பாதிப்பு கூடக்கூடும்.

தமிழில் ‘புறநரம்பு நோய்’ (மூளை, தண்டுவடத்துக்கு வெளியே உள்ள நரம்புகளின் நோய்) பொருந்தும். ‘நரம்பு வலி’ அதில் ஒரு பகுதிதான். வலியே இல்லாமல் மரத்துப்போவதும் இந்நோயே. இந்த வேறுபாடு மருந்திலும் தெரியும். 2013இல் வெளியான ஆய்வில் டியூலாக்செடின் என்ற, மனச்சோர்வுக்கும் தரும் மருந்து (முதல் வாரம் 30 மி.கி., பிறகு 60) முதன்மையாக வலியைக் குறைத்தது. அதைத் திடீரென நிறுத்தக் கூடாது. மார்பகப் புற்றுநோய்க்கான டாமாக்சிஃபென் எடுப்பவர் முன்பே மருத்துவரிடம் சொல்லவேண்டும்.

மற்ற வழிகள் பெரும்பாலும் ‘ஆய்வுநிலைச் சிகிச்சை’, இன்னும் ஆராய்ந்துகொண்டிருப்பவை. ‘பரிசோதனைச் சிகிச்சை’ என்றால் ரத்தப் பரிசோதனை நினைவுக்கு வருவதால் இந்தச் சொல்லே மேல். பாக்லிடாக்செல் ஏறுவதற்கு 15 நிமிடம் முன்பிருந்து முடிந்த 15 நிமிடம் வரை உறைகுளிர்க் கையுறை, காலுறை அணிவது ஒன்று. குளிரில் ரத்தநாளம் சுருங்கி விரல்நுனிக்கு மருந்து குறைவாகப் போகும் என்பது கணக்கு. தோலில் நேராகப் பட்டால் உறைபுண் வரும், உள்ளே மெல்லிய துணி வேண்டும். ஆக்சாலிப்ளாட்டினுக்கு இது ஆகாது. குளிர் பட்டாலே அதில் கூச்சமும் குத்தலும் கிளம்பும். இன்னொன்று, தோல் வழியே மெல்லிய மின்தூண்டல் கொடுக்கும் ஸ்கிராம்ப்ளர் கருவி. அதில் மின்முனையை மரத்த இடத்தில் ஒட்டுவதில்லை, சுற்றிலும் உணர்வு நன்றாக உள்ள தோலில்தான் ஒட்டவேண்டும்.

‘நரம்புச் சத்து’ என்று தாமாக வாங்கும் மாத்திரையின் பின்பக்கத்தைப் படிக்கவேண்டும். அசிடைல்-எல்-கார்னிடைன் இருந்தால் கீமோ நாட்களில் வேண்டாம்: தடுப்புக்காகக் கொடுத்துப் பார்த்த 2013ஆம் ஆண்டு ஆய்வில், 24ஆம் வாரத்தில் நியூரோபதி கூடியிருந்தது.