ரொட்டி சானாயும் ரோபோ விரலும்

பினாங்கின் பிறை நகரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “பாயான் லெப்பாஸ் பெக்டரியில் 22 வருஷம் ஆப்பரேட்டராக இருந்தேன். மணிக்கட்டில் பட்டையைக் கட்டி, அதன் வயரை மேசையில் மாட்டினால்தான் போர்டைத் தொட விடுவார்கள். பிளாஸ்டிக்கில் தேங்கும் கரண்டு சிப்பைக் கெடுத்துவிடுமாம். இப்போது என் மகன், பிளாஸ்டிக்கிலேயே டிரான்சிஸ்டர் செய்து ரோபோவுக்குத் தோல் போடுகிறார்கள் என்கிறான். கிண்டலா?”

கிண்டல் இல்லை அக்கா, உங்கள் மகன் சரியாகத்தான் சொல்கிறார்.

பிளாஸ்டிக் என்பது பாலிமர், அதாவது அணுக்களின் நீளமான சங்கிலி. அதில் கார்பன் பிணைப்புகள் ஒற்றை, இரட்டை என்று மாறி மாறி வந்தால் எலக்ட்ரான்கள் ஓரிடத்தில் முடங்காமல் சங்கிலி நெடுகப் பரவும். அங்கங்கே ஓர் எலக்ட்ரானை உருவிவிட்டால் காலியிடம் விழும். பக்கத்து எலக்ட்ரான் அதில் வந்து உட்கார, காலியிடம் நகரும். படிவம் ஐந்து இயற்பியலில் ‘துளை’ என்று படித்தோமே, அதேதான். 1977இல் ஹீகர், மெக்டயர்மிட், ஷிரகாவா மூவரும் பாலிஅசிட்டிலீன் படலத்தில் அயோடின் ஆவியைப் பிடித்து, அதன் கடத்துதிறனைப் பல லட்சம் மடங்கு ஏற்றிக் காட்டினார்கள். 2000இல் நோபல் பரிசு வந்தது. அந்தப் படலம் கிடைத்த கதை இன்னும் சுவை. 1967இல் ஷிரகாவாவின் ஆய்வுக்கூடத்தில் ஒருவர் வினையூக்கியைத் தவறுதலாக ஆயிரம் மடங்கு அதிகமாகப் போட்டுவிட்டார். கறுப்புத் தூள் வரவேண்டிய இடத்தில் வெள்ளிபோல் மினுங்கும் ஏடு படிந்தது.

இந்தக் குடும்பத்தில் இன்று அதிகம் புழங்குவது பெடாட்-பிஎஸ்எஸ்: பெடாட் என்ற கடத்தும் பாலிமரும் பிஎஸ்எஸ் என்ற துணைப் பாலிமரும் சேர்ந்த கலவை. இது தொடக்கத்தில் செய்த வேலையைக் கேட்டால் அக்கா சிரிப்பார்: கேமரா பிலிம் சுருளில் நிலைமின்சாரம் தேங்காமல் பூசும் பூச்சு. அவர் கையில் கட்டிய பட்டைக்கும் இதே வேலைதான்.

இனி எனக்குப் பிடித்த இடம். அதற்கு மாமாக் கடைக்குப் போகவேண்டும். பருப்புக் குழம்பைப் பீங்கான் தட்டில் ஊற்றினால் மேலேயே நிற்கும். ரொட்டி சானாய்மேல் ஊற்றினால் மடிப்பு மடிப்பாக உள்ளே இறங்கும். டிரான்சிஸ்டர் என்பது மின்னோட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் திருகு மாதிரி. சிலிக்கன் டிரான்சிஸ்டர் பீங்கான் தட்டு. அதில் கேட் எனப்படும் மின்முனை, ஒரு காப்பு அடுக்குக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய பகுதியை மட்டும் ஆட்டுவிக்கும். பெடாட் படலம் ரொட்டி. அதன்மேல் உப்புநீர் நிற்க, அதிலுள்ள அயனிகள் (மின்சுமை ஏந்திய அணுக்கள்) முழுப் பருமனுக்கும் ஊறி இறங்கும்.

உள்ளே போய் என்ன செய்யும்? பெடாட்டில் துளைகள் இருக்கின்றன, அவற்றுக்கு நேர்மின்சுமை. ஒவ்வொன்றுக்கும் பிஎஸ்எஸ்ஸின் எதிர்மின் முனை ஒன்று துணை. உப்புநீரில் அமிழ்த்திய கேட்டுக்கு நேர் மின்னழுத்தம் கொடுத்தால் சோடியம் அயனிகள் விரட்டப்பட்டுப் படலத்துக்குள் நுழையும். நுழைந்ததும் பிஎஸ்எஸ்ஸின் கையைப் பிடித்துக்கொள்ளும். துணையிழந்த துளை நிலைக்காது. படலத்தோடு இணைந்த வேறொரு மின்முனையிலிருந்து ஓர் எலக்ட்ரான் வந்து அதை நிரப்பிவிடும். துளை குறையக் குறைய மின்னோட்டம் இறங்கும், வெளிர்நீலப் படலம் கருநீலமாகும். அழுத்தத்தை எடுத்தால் சோடியம் வெளியேறி எல்லாம் பழையபடி. இத்தனைக்கும் ஒரு வோல்ட்டுக்கும் குறைவாகவே போதும். முழுப் பருமனும் சேர்ந்து வேலை செய்வதால், கேட்டில் சின்ன அசைவு வந்தாலும் மின்னோட்டத்தில் பெரிய மாற்றம் தெரியும்.

(பசார் மாலாமில் ‘அயனி வளையல்’ விற்கிறார்களே, ரத்தத்தைச் சுத்தம் செய்யும் என்று. அயனி என்ற சொல் படும் பாட்டைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. அந்தக் காசுக்கு நாலு ரொட்டி சாப்பிடலாம்.)

அயனி நடப்பதற்கு நேரம் பிடிக்கும். சிலிக்கன் நானோ நொடிக் கணக்கில் முடிப்பதை இது மில்லி நொடிக் கணக்கில்தான் முடிக்கும். கணினிக்கு உதவாது. ஆனால் நம் நரம்பும் அயனியை வைத்து அதே வேகத்தில்தான் ஓடுகிறது. ரோபோ விரல் முட்டையை நசுக்காமல் எடுக்க அது போதுமானதாக இருக்கிறது. அழுத்தும்போது மின்தடை மாறும் ரப்பரை இந்த டிரான்சிஸ்டரின் கேட்டோடு இணைத்தால், ரோபோ விரலில் பட்ட அழுத்தம் அங்கேயே பெருக்கப்பட்டுவிடும். 2018இல் ஸ்டான்ஃபோர்டின் செனன் பாவ் குழுவும் தென்கொரிய ஆய்வாளர்களும் இன்னும் ஒரு படி போனார்கள். அழுத்தத்தை மின்துடிப்புகளாக்கி, அயனிகள் வழியாக இயங்கும் கரிம டிரான்சிஸ்டரில் சேர்த்து, ஒரு கரப்பான்பூச்சியின் காலை உதற வைத்தார்கள்.

செய்முறை சுலபம்போலத் தெரியும். சிலிக்கனுக்கு 1,000 டிகிரியைத் தொடும் உலைகள் வேண்டும். பெடாட்டோ நீரில் கலந்த கருநீல மை. பிளாஸ்டிக் தாளில் அச்சடித்து, 130 டிகிரி வாக்கில் உலர்த்தினால் முடிந்தது. வம்பு அப்புறம்தான். ஒவ்வொரு முறை தயாரிக்கும்போதும் பாலிமர் சங்கிலிகளின் நீளம் மாறும். ஆயிரம் டிரான்சிஸ்டர் ஒன்றுபோல வராது. பிஎஸ்எஸ் ஈரத்தை இழுக்கும். ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும், கடைசியில் உரியும்.

அதாவது மையைக் கண்டுபிடிப்பதைவிட, அதைக் காற்றும் ஈரமும் படாமல் மூடுவதும் ஒவ்வொன்றாகச் சோதித்துத் தள்ளுவதும்தான் பாடு. பாயான் லெப்பாஸ் 1972இலிருந்து பார்க்கும் வேலையே அதுதானே! உலகத்துச் சிப் பேக்கேஜிங், சோதனையில் சுமார் 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது. 2024 மே மாதம் அறிவித்த தேசிய செமிகண்டக்டர் வியூகத்துக்கு அரசு 2,500 கோடி ரிங்கிட் ஒதுக்கியது. பேச்சு முழுக்கச் சிப் வடிவமைப்பு, வேஃபர் (சிப் செய்யும் சிலிக்கன் வட்டு) என்றே போகிறது. அதில் துளியூண்டு இந்த மைக்கும் வரட்டும் என்பேன். தைவான் 40 வருஷம் முன்னால் ஓடிய பந்தயத்தில் மூச்சு வாங்குவதைவிட, இன்னும் யாரும் வெல்லாத பந்தயத்தில் நம் ஆப்பரேட்டர்களின் கைப்பழக்கத்தை இறக்கிப் பார்க்கலாம்.

தீவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் நண்பரின் மகள் படிக்கிறாள். போன மாதம் போயிருந்தேன். கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு மை விட்டுச் சுழற்றி, சூட்டுத்தட்டில் வைத்து எடுத்தாள். உப்புநீரில் போட்ட பத்தாவது நிமிடம், அவித்த முட்டைத் தோல்போல ஓரத்திலிருந்து ஏடு கழன்று மிதந்தது. ஈரமுறிஞ்சும் கருவி பழுதாம். மாற்றுவதற்கான மனு மூன்று மாதமாக மேசை மேசையாக நகர்கிறதாம். “ஆறு மணிக்கு ஏர்கோனையும் நிறுத்திடுவாங்க அங்கிள்” என்று சொல்லிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி அடுத்த கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினாள். மணி ஐந்தே கால்.