‘கேடயம்’ என்று சொல்லிவிட்டால் பொறுப்பு தீராது

போர்ச் சட்டம் கற்பிக்கும் எனக்கு, ஒவ்வொரு குண்டுவீச்சுக்குப் பிறகும் ஒரே கேள்வி வந்து சேர்கிறது: “மக்களைக் கேடயமாக நிறுத்தியவர்கள் அவர்கள்தானே, செத்தால் குண்டு போட்டவர் என்ன செய்வார்?” சட்டம் படித்தவர்களே கேட்பதுதான் எரிச்சல்.

கேடயமாக்குவது குற்றம், அதில் இரண்டாம் பேச்சில்லை. 1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கையே அதைத் தடுக்கிறது. ஆனால் அது ஒருவரின் குற்றம். அதனால் எதிராளியின் கடமை ரத்தாவதில்லை. ஜெனீவா உடன்படிக்கைகளுக்கான 1977ஆம் ஆண்டின் முதலாம் கூடுதல் நெறிமுறை, 51ஆம் பிரிவின் 8ஆம் உட்பிரிவில் இதைத் தெளிவாகவே சொல்கிறது. போர்ச் சட்டம் வியாபார ஒப்பந்தம் அல்ல, ஒருவர் மீறியதும் மற்றவர் கைகழுவிக்கொள்ள. துப்பாக்கி முனையில் நிறுத்தப்பட்டவர் அப்போதும் பொதுமகன்தான். ராணுவப் பயனோடு ஒப்பிட்டுச் சேதத்தை எடைபோடும்போது அவர் முழு உயிராகவே எண்ணப்பட வேண்டும். அரை உயிராக அல்ல. அதற்காக அந்த இலக்கைத் தாக்கவே கூடாது என்றும் சட்டம் சொல்லவில்லை. எடைபோடாமல் தாக்காதே என்கிறது, அவ்வளவுதான். (தாமாக முன்வந்து நிற்பவர்களைப் பற்றிய சர்ச்சை தனி, இங்கே வேண்டாம்.)

இந்த உத்தி பலிக்குமா? திறந்தவெளியில் நின்று சண்டையிட முடியாத தரப்பு, எதிராளியின் தயக்கத்தை நம்பி இதைச் செய்கிறது. போஸ்னியப் போரின்போது, 1995 மே மாதம் போஸ்னிய செர்பியப் படைகள் ஐ.நா. அமைதிப் படையினரைப் பிடித்து, குண்டு விழக்கூடிய இடங்களில் சங்கிலியால் கட்டின. நேட்டோ ராணுவக் கூட்டணியின் விமானத் தாக்குதல் அப்போதைக்கு நின்றது. ஈராக்கின் மோசுல் நகரில் ஐ.எஸ். அமைப்பு நகரவாசிகளையே அப்படி வைத்திருந்தது, தாக்குதல் நிற்கவில்லை. யாருடைய உடல் கேடயமாகிறது என்பதைப் பொறுத்தே தயக்கமும் வருகிறது. வகுப்பில் இதைச் சொன்னால் முகங்கள் சுருங்குகின்றன, சுருங்கட்டும்.

இன்னொன்று. போராளி அருகில் இருந்தான் என்பதற்காக அங்கிருந்த எல்லோரையும் ‘கேடயம்’ என்று எழுதாதீர்கள். பாதுகாப்புத் தேடும் எண்ணத்தோடு அவர்களை வேண்டுமென்றே அங்கே கொண்டுவந்தோ தடுத்தோ வைத்திருக்க வேண்டும். 2017 மார்ச்சில் மோசுலின் அல்-ஜதீதா பகுதியில், கூரையிலிருந்த இரண்டு ஐ.எஸ். துப்பாக்கி வீரர்களைக் குறிவைத்த அமெரிக்கக் குண்டுவீச்சில் குறைந்தது 105 பொதுமக்கள் இறந்ததாக அமெரிக்க ராணுவ விசாரணையே கூறியது; ஐ.எஸ். அங்கே வைத்திருந்த வெடிபொருள்களும் சேர்ந்து வெடித்ததால்தான் கட்டடம் இடிந்தது என்றது. கீழே மக்கள் ஒதுங்கியிருந்தது தாக்கியவர்களுக்குத் தெரியாது என்றும் அது கூறியது. அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி, தெரிந்துகொள்ள என்ன முயற்சி எடுத்தார்கள் என்பது. அடுத்த முறை ஒரு ராணுவ அறிக்கையில் ‘கேடயம்’ என்ற சொல்லைப் பார்த்தால், தயவுசெய்து, பகிர்வதற்கு முன் அதையே கேளுங்கள்.