அவரைக் கொடி இரவை அளக்கிறது

தாம்பரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "பங்குனியில் அவரை ஊன்றினேன். பந்தல் முழுக்கப் படர்ந்தும் ஒரு பூ கூட வைக்கவில்லை. கண்ணேறு என்றார்கள். ஆனியில் வெட்டிப் போட்டுவிட்டேன். இந்த ஆடிப்பட்டத்துக்கு என்ன இலக்கு வைத்துக்கொள்ளலாம்?"

அந்தக் கொடிக்கு நோயும் இல்லை, கண்ணேறும் இல்லை. இரவு நீள்வதற்காகக் காத்திருந்தது, அவ்வளவுதான். ஐப்பசி வரை விட்டிருந்தால் பூத்திருக்கும்.

மண், தண்ணீர் பற்றியெல்லாம் உங்களுக்கே தெரியும். அவரை வேர்முடிச்சுப் பாக்டீரியாவின் துணையோடு தழைச்சத்தைத் தானே தேடிக்கொள்வதால் யூரியா வேண்டாம். போட்டால் இலைதான் பெருகும். சரி, பூவுக்கு வருவோம்.

அமெரிக்க வேளாண் துறையில் கார்னர், அல்லார்ட் என்ற இருவருக்கு ஒரு புகையிலை ரகம் புதிராக இருந்தது. கோடையில் வயலில் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்தும் பூக்காது. குளிர்காலத்தில் கண்ணாடிக் கூடத்துக்குள் பூக்கும். கோடையிலேயே சில செடிகளை மாலையானதும் இருட்டுக் கொட்டகைக்குள் வைத்துப் பகலைக் குறைத்தார்கள். அவை பூத்தன. 1920-இல் இதை வெளியிட்டார்கள். செடி உண்மையில் அளப்பது பகலை அல்ல, இடைவிடாத இருட்டை என்பது பிறகுதான் தெரிந்தது. நீண்ட இரவின் நடுவே சில நிமிடம் விளக்கைப் போட்டால் போதும், இப்படிப்பட்ட பல செடிகள் பூக்காமல் நின்றுவிடும்.

எனக்கு அலுக்கவே அலுக்காத இடம் இதுதான். இலைக்குள் ஃபைட்டோகுரோம் என்ற நிறமி இருக்கிறது. சிவப்பு ஒளி பட்டால் ஒரு வடிவத்துக்கு மாறும். சிவப்பின் கடைசி விளிம்பில், நம் கண்ணுக்கு அநேகமாகத் தெரியாத தொலைசிவப்பு ஒளி பட்டால் பழைய வடிவத்துக்குத் திரும்பும். நள்ளிரவில் சிவப்பு விளக்கைக் காட்டினால் பூ நின்றுவிடும். உடனே தொலைசிவப்பைக் காட்டினால் அந்தத் தடை நீங்கிவிடும். சுவிட்சைப் போட்டு அணைப்பதுபோல! வெளிச்சமா இருட்டா என்று இந்த நிறமி சொல்ல, நேரத்தைச் செடியின் உள்கடிகாரம் கணக்கிடுகிறது. இரண்டும் ஒத்துப்போனால் இலை ஒரு சிறிய புரதத்தை உண்டாக்கி, உணவு ஓடும் குழாய் வழியே குருத்துக்கு அனுப்பும். பூக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று குருத்துக்குத் தெரிவது அப்படித்தான். இப்படி ஒரு தூது இருக்க வேண்டும் என்று 1930-களிலேயே ரஷ்யாவில் சைலக்யான் என்ற தாவர விஞ்ஞானி சொன்னார். அந்தப் புரதம் இலையிலிருந்து குருத்துக்குப் போவதை உறுதி செய்ய 2007 ஆனது.

சென்னையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான். நாம் கவனிப்பதே இல்லை, நாட்டு அவரை கவனிக்கிறது. ஆடியில் ஊன்றினால் பந்தல் ஏற இரண்டு மூன்று மாதம் கிடைக்கும். அதற்குள் இரவு நீண்டுவிடும். பொங்கலுக்குக் காய் இருக்கும். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பதை நான் மூடநம்பிக்கைக் கணக்கில் சேர்க்கவே மாட்டேன். அது தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த அறிவு. ஒவ்வொரு நாட்டு அவரையும் மொச்சையும் எத்தனை மணி இரவுக்குப் பூக்கிறது என்று ஊர் ஊராக அளக்க அரசு தாராளமாகவே பணம் ஒதுக்க வேண்டும்.

ஆகவே எத்தனை கிலோ என்று இலக்கு வைக்காதீர்கள். ஆடிப்பெருக்கன்று ஊன்றுங்கள். அதற்கு முன் ஒரு ராத்திரி கொல்லையில் நின்று, தெருவிளக்கு வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். விளக்கடியில் சோயாச் செடி முற்றாமல் பச்சையாகவே நிற்பதை வயல்களில் பார்த்திருக்கிறார்கள். பந்தலை இருட்டு மூலையில் போடுங்கள். வெளிச்சம் படும் பக்கத்திலும் ஒரு விதை ஊன்றி, இரண்டும் முதல் பூ வைக்கும் தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள். பங்குனியிலும் அவரை வேண்டுமென்றால், அதற்கு இரவின் நீளத்தைப் பார்க்காத குத்து அவரை ரகங்களை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்டிருக்கிறது.

தேதிகளை எனக்கு எழுதுங்கள், மார்கழியில் ஒப்பிட்டுப் பார்ப்போம்.