கண்ணாடி இல்லாத பைக்கும் பிதாகரஸும்

மதுரை திருநகரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்: "அடுத்த மாசம் கோயம்புத்தூர் செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில ட்ராக் டேக்குப் போறேன் சார். ரெண்டு கண்ணாடியையும் கழட்டணுமாம். பின்னால வர்றவங்களைப் பாக்கவே கூடாதாம். பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் அப்படி ஓட்டினா வீடு வந்து சேர முடியுமா?"

முடியாது. ஆனால் ட்ராக் டே என்பது சொந்த பைக்கை ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாள். அங்கே எதிர்வண்டி இல்லை, நடுரோட்டில் நிற்கும் ஷேர் ஆட்டோ இல்லை. எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள். அங்கே ஒரே ஒரு சட்டம்தான் எல்லாவற்றையும் தாங்குகிறது: முன்னால் போகிறவர் தன் கோட்டில், அதாவது தான் பிடித்த பாதையில், போவார், முந்துகிறவர்தான் முழுப் பொறுப்பு. பலர் இதை வெறும் மரியாதை என்று நினைக்கிறார்கள். எனக்கு இது சுத்தமான இயற்பியல்.

வளைவில் பைக் ஏன் சாய்கிறது என்பது பள்ளியில் படித்த மையநோக்கு விசைதான். 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 80 கி.மீ. வேகத்தில் போனால் சாய்வு ஏறக்குறைய 45 டிகிரி. அந்த நேரத்தில் வண்டியின் மொத்த எடைக்குச் சமமான விசையை டயர் பக்கவாட்டில் தந்துகொண்டிருக்கிறது. தரையைத் தொடுவதோ ஒரு சக்கரத்துக்கு உள்ளங்கை அளவு ரப்பர்.

அந்த உள்ளங்கைக்கு உள்ள பிடிமானத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். வளைவதற்கும் பிரேக்குக்கும் அதிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். வளைவதற்கு 80 போனால் பிரேக்குக்கு எவ்வளவு மிச்சம்? 20 என்றுதான் வாய் சொல்லும். விடை 60! ஒரு விசை பக்கவாட்டில் இழுக்கிறது, இன்னொன்று பின்னோக்கி இழுக்கிறது, இரண்டும் செங்குத்து. அதனால் கூட்டல் கழித்தல் செல்லாது, பிதாகரஸ் வந்துவிடுகிறார். 80-இன் வர்க்கமும் 60-இன் வர்க்கமும் சேர்ந்து 100-இன் வர்க்கம். எட்டாம் வகுப்பு நோட்டில் போட்ட அதே முக்கோணம் டயருக்கடியில் உட்கார்ந்திருக்கிறது. இதை உராய்வு வட்டம் என்பார்கள். இன்னும் விளிம்புக்குப் போங்கள். வளைவதற்கு 98 செலவழித்தவரிடம் பிரேக்குக்கு இரண்டல்ல, கிட்டத்தட்ட 20 இருக்கிறது. 100-ஐயும் செலவழித்தவரிடம் பூஜ்யம். 98-க்கும் 100-க்கும் நடுவில், கண்ணுக்கே தெரியாத அந்தச் சின்ன சாய்வில், 20 பங்கு பிரேக் காணாமல் போகிறது. எத்தனை முறை எழுதிப் பார்த்தாலும் எனக்கு இந்த இடம் அலுப்பதில்லை.

முழுச் சாய்வில் இருப்பவரிடம் "கொஞ்சம் ஒதுங்கு" என்று கேட்க முடியாததற்குக் காரணம் இதுதான். உள்பக்கம் இன்னும் வளையவும் முடியாது, பிரேக் போடவும் முடியாது. அவரிடம் கையிருப்பே இல்லை.

விளிம்பில் இல்லாதபோதும் பயம் வேறு வழியில் கவிழ்க்கும். திண்டுக்கல் பக்கத்துச் சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில், இடப்பக்கம் சாய்ந்து திரும்பிக்கொண்டிருந்தேன். ஒருவர் எனக்கும் சுவருக்கும் இடையே நுழைந்து முந்தினார். கண் அவர் மீது போனது, விரல் தானாக முன் பிரேக்கைத் தொட்டது. பைக் சட்டென்று நிமிர்ந்து நேராக எதிர்ப்பக்கத்துக்கு ஓடியது. பஸ் எதுவும் வரவில்லை, அவ்வளவுதான். நடந்தது இது: சாய்ந்த டயர் தரையைத் தொடுவது அதன் நடுவில் அல்ல, இடது ஓரத்தில். பிரேக் விசை அந்த ஓரத்தைப் பின்னுக்கு இழுக்கும்போது ஹேண்டில்பார் இடப்பக்கம் திரும்புகிறது. முன்சக்கரம் இடப்பக்கம் ஓடி வண்டியின் அடியில் வந்துவிடுவதால் வண்டி நிமிர்கிறது. நிமிர்ந்தால் வளைவு விரிந்துவிடும்.

ட்ராக் டேயில் புதியவர்கள் குழுவில் பெரும்பாலும் நேர்ப்பகுதியில் மட்டும் முந்தச் சொல்வதும், அடுத்த குழுக்களில்கூட இரண்டு மீட்டர் இடைவெளி கேட்பதும் இதனால்தான். 80 கி.மீ. வேகத்தில் ஒரு வினாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறோம். முந்தியதும் குறுக்கே வெட்டி உள்ளே வந்தால் பின்னவர் விரல் பிரேக்குக்குப் போகும், பிறகு நடப்பது நான் சிறுமலையில் பார்த்ததுதான். வழிவிடுகிறேன் என்று நீங்களாக ஒதுங்குவதும் ஆபத்து. பின்னால் வருபவர் உங்கள் கோட்டை முன்பே கணக்குப் போட்டுவிட்டார். மஞ்சள் கொடி, அதாவது முன்னால் ஆபத்து என்ற அடையாளம், தெரிந்தால் முந்தவே கூடாது.

புது பைக்கைப் பாண்டி கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவது நம் ஊர் வழக்கம். அம்மாவுக்கு நிம்மதி என்றால் செய்யட்டும். அதே கையோடு டயரில் காற்றையும் பார்த்துவிடுங்கள். அந்த 100-ஐத் தீர்மானிப்பது ரப்பரும் காற்றும் தார்ப்பரப்பும். 2022-இல் சாலை விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு. ரோட்டின் வழுக்கலை அளக்க ஊசல் கருவி ஒன்று உண்டு, தூக்கிக்கொண்டு போகலாம். மதுரையைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளுக்கு அந்தக் கருவியும் கொஞ்சம் நிதியும் கொடுத்தால், சிறுமலையின் ஒவ்வொரு வளைவையும் மாணவர்களே மழைக்கு முன்னும் பின்னும் அளந்துவிடுவார்கள். ஆராய்ச்சிக்கு இதைவிட நல்ல செலவு எனக்குத் தெரியவில்லை.

தம்பி, கண்ணாடியைத் தயங்காமல் கழட்டுங்கள். ஹெட்லைட்டில் டேப் ஒட்டுங்கள். உடைந்தால் சில்லு டிராக்கில் சிதறாது. முதல் ஓரிரு சுற்று டயர் சூடேறட்டும். களைத்துவிட்டால் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு பிட்டுக்குள் (டிராக்கை ஒட்டி வண்டி நிறுத்தும் இடம்) வாருங்கள். ஸ்பேனரைப் பையிலேயே வைத்திருங்கள். கிளம்பும் முன் கண்ணாடியைத் திரும்ப மாட்டியாக வேண்டும், பல்லடம் ரோட்டில் லாரிக்காரருக்கு உங்கள் கோடு தெரியாது.