வரையாட்டுக்கு மரம் வேண்டாம், புல் போதும்

தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் போதும், "பருவநிலை மாற்றத்தை வெல்ல மலையில் மரம் நடுவோம்" என்ற அழைப்புகள் வரிசைகட்டிவிடும். நடப்போகும் இடத்தை விசாரித்தால், பெரும்பாலும் இரண்டாயிரம் மீட்டர் உயரத்துப் புல்வெளி. "சும்மா கிடக்கிற இடம்தானே!" என்பார்கள். அந்த இடத்தை நம்பித்தான் நம் மாநில விலங்கான வரையாடு பிழைத்துக் கிடக்கிறது. 2025 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,303, கேரளத்தையும் சேர்த்தால் 2,668. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக அது வாழ்வதில்லை.

காடு அழிந்தபின் புல் முளைத்த இடம் அது என்ற நினைப்பை முதலில் விட்டுவிடுங்கள். நீலகிரிச் சதுப்பு மண்ணை ஆராய்ந்தவர்கள், 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் இருந்ததற்கான தடயம் கண்டிருக்கிறார்கள். பள்ளத்தில் சோலை எனும் மலைக்காடு, மேட்டில் புல் என்ற அமைப்பைக் காப்பதில் உறைபனிக்குப் பெரிய பங்கு உண்டு. மார்கழி, தை இரவுகளில் திறந்த வெளியில் முளைக்கும் சோலை மரக்கன்று பனியில் கருகிவிடும். புல்லோ அடித்தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்ட சீகை மரம் (வாட்டில்) இந்தப் பனியை மற்றவற்றைவிட நன்றாகத் தாங்கும். இரவுகள் வெப்பமாகி உறைபனி குறையக் குறைய, புல்வெளியின் காவலும் தளர்கிறது. அதாவது, வெப்பமாதல் செய்கிற கெடுதலைத்தான் மரம் நடுகிறவர்களும் மண்வெட்டியோடு போய்ச் செய்கிறார்கள். கரியமில வாயு கணக்கும் இங்கே எடுபடாது. புல் தன் கார்பனை மண்ணுக்குள் வேரோடு வைத்திருக்கிறது, தீ வந்தாலும் அதில் பெரும்பகுதி அங்கேயே இருக்கும். குழி தோண்டினால்தான் அந்த மண் கலைகிறது.

வரையாடு எதிரியைத் தொலைவிலேயே பார்த்து, பாறைக்கு ஓடித் தப்பும் விலங்கு. செந்நாயும் சிறுத்தையும் மறைந்து வரப் புதர் கிடைத்துவிட்டால் அந்த இடத்தில் அது மேயாது. பழனி மலையில் நாற்பது ஆண்டுகளில் பாதிக்கும் மேற்பட்ட புல்வெளியை இழந்திருக்கிறோம். பெரும்பகுதி சீகைக்கும் தைல மரத்துக்கும் போனது.

வெப்பம் கூடினால் விலங்கு மேலேறிக்கொள்ளும் என்ற திட்டக் குறிப்புகளையும் பார்க்க முடிகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடியே 2,695 மீட்டரில் முடிந்துவிடுகிறது. மேலே போகப்போகப் பரப்பும் சுருங்கும். அதற்குப் பிறகு எங்கே போவது?

விலங்கு எங்கெங்கே வாழ முடியும் என்று கணினியில் கணிக்கும் வாழிட மாதிரி தயாரிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு கிலோமீட்டர் கட்டத் தட்பவெப்பத் தரவை மட்டும் வைத்து வரைபடம் போடாதீர்கள். இருநூறு மீட்டர் பாறைச்சரிவு அந்தக் கட்டத்தில் காணாமல் போய்விடும். பெயரிலேயே 'வரை' (மலை) இருக்கும் விலங்குக்கு வரையே இல்லாத வரைபடம்! 30 மீட்டர் கட்ட அளவிலான நில உயரத் தரவிலிருந்து சரிவையும் கரடுமுரட்டையும் சேருங்கள். கேரளத்தின் இரவிகுளம் தேசியப் பூங்கா போன்ற எளிதில் போகக்கூடிய இடங்களில் குவியும், வரையாட்டைக் கண்ட பதிவுகளைக் குறைத்துவிட்டு மாதிரியை ஓட்டுங்கள், இல்லையெனில் மாதிரி சாலையோரத்தைத்தான் வாழிடம் என்று சொல்லும். ஒரே ஒரு பருவநிலை மாதிரியை நம்ப வேண்டாம். தேயிலைத் தோட்டத்தையும் சீகைக் காட்டையும் கழித்தபின் மிஞ்சுவதுதான் உண்மையான பரப்பு. நிழல்மறைப்பிட்ட வெப்பமானிகளை வடசரிவிலும் தென்சரிவிலும் புல் மட்டத்திலேயே வைத்து, குறைந்தது ஓராண்டு பதிவெடுங்கள். வெயில் தணிந்த பாறை மடிப்புகள் எவை என்று அப்போதுதான் தெரியும். காக்க வேண்டிய முதல் இடங்கள் அவை.

களப்பணிக்கு வருவோம். அடர்ந்த முதிர் சீகைத் தோப்பில் முதலில் கைவைக்காதீர்கள். அதன் விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உறங்கும். வெட்டினாலோ எரித்தாலோ ஆயிரக்கணக்கில் முளைத்தெழும். பல பழைய தோப்புகளின் நிழலில் சோலைக் கன்றுகள் வளர்வதால் அவற்றை விட்டுவைப்பதே நல்லது. நல்ல புல்வெளியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நுழைந்திருக்கும் சீகையில் தொடங்கி, அடர்ந்த பக்கத்தை நோக்கி நகருங்கள். மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது கன்றை வேரோடு கையால் பிடுங்க வேண்டும். அதே இடத்துக்கு ஆண்டுதோறும் திரும்பிப் போக வேண்டும். ஓராண்டு நிதியோடு தொடங்கும் பணி, மூன்றாம் ஆண்டில் முன்பைவிட அடர்த்தியான சீகையில் வந்து நிற்கும். வெறுமையான இடத்தில் நட வேண்டியது அருகிலேயே எடுத்த உள்ளூர்ப் புல் தூர். கடையில் வாங்கிய தீவனப்புல் அல்ல.

விலங்கைப் பிடித்து இடம் மாற்றுவதைப் பற்றி ஆர்வமாகக் கேட்கிறார்கள். வாழிடம் சரியாகாமல் அதைத் தொடக்கூடாது. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கிலும் தெற்கிலும் உள்ள கூட்டங்கள் மரபணுவில் வேறுபட்டவை; ஒன்றாகக் கலப்பதற்கு முன் பலமுறை யோசிக்க வேண்டும்.

ஆழியாறு–வால்பாறை கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியை நிறுத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். தயவுசெய்து பிஸ்கட் போடாதீர்கள். தை, மாசியில் குட்டியோடு நிற்கும் தாயை நெருங்கிப் படமெடுக்காதீர்கள்; அது பின்வாங்கினால் குட்டிக்குக் கால் வைக்க இருப்பது செங்குத்துப் பாறை மட்டும்தான்.